இருபத்தெட்டு வெற்றுத் துளைகள்

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து அந்தப் பொட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் தொலைபேசி அடித்தது.

பொட்டு என்றால் நெற்றிப் பொட்டு அல்ல. ஒரு கணினிச் சிப்பின் முதுகில் இருந்த பொட்டு. அடியில் சந்தனம், நடுவில் குங்குமம். வருடத்துக்கு ஒன்றாகப் படிந்து படிந்து, காய்ந்து கறுத்து, ஒரு ரூபாய்க் குற்றியின் தடிப்புக்கு இறுகிப்போயிருந்தது.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேசை கடலைப் பார்த்த ஜன்னலோரம் கிடக்கிறது. பின்னேர வெயில் நேரே அதன்மேல்தான் விழும். அந்த வெயிலில் என் நண்பன் பத்மன் தன் கையால் செய்த கணினி இருந்தது. மடிக்கணினியை நினைத்துக்கொள்ள வேண்டாம். சாப்பாட்டுத் தட்டளவு ஒரு பலகை. அதன்மேல் கறுப்புச் சிப்புகள். அடியில் தலைமயிர்ச் சிக்குப் போல நூற்றுக்கணக்கில் கம்பிகள். ஒரு மூலையில் பழைய கல்குலேற்றரிலிருந்து கழற்றிய பொத்தான்கள், அதற்கு மேலே சிவப்பாக எரியும் ஆறு இலக்கங்கள். திரை இல்லை. எழுத்து இல்லை. இலக்கத்தால் கேட்டால் இலக்கத்தால் பதில் சொல்லும், அவ்வளவுதான்.

பொட்டு வைத்த சிப்புகள் இரண்டு. முதலாவதைத் துடைத்து முடித்துவிட்டேன். பொட்டுக்கு அடியிலிருந்த வட்டக் கண்ணாடி பளிச்சென்று தெரிந்தது. இரண்டாவதில் கை வைக்கும்போதுதான் அழைப்பு. பேசியவர் பத்மனின் மனைவி ராஜேஸ்வரி. நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணை என்பார். யாருக்கு யார் மூத்தவர் என்று இதுவரை இரண்டு பேரும் விசாரித்ததில்லை.

"சிவம் அண்ணை, ஒண்டு சொல்ல மறந்துபோனன். அந்தப் பொட்டுகளை அழிச்சுப்போடாதேங்கோ."

என் கையில் பஞ்சு சிவந்திருந்தது.

"அவர் போனாப்பிறகு நான் வைக்கிறேல்லை. அதுக்கெண்டாலும் இருக்கட்டும்."

"இல்லை அக்கா, நான் தொடேல்லை" என்றேன்.

இந்த வயதில் இப்படிக் கூசாமல் பொய் சொல்ல வருமென்று நானே எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்தக் கணினி சம்பந்தமாக நான் சொன்ன முதல் பொய் அது அல்ல. முதலாவது பொய்க்கு முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். இந்த வாரம் அதைத்தான் எழுதவேண்டியிருக்கிறது.

கொட்டாஞ்சேனை மாடி அறை

துறைமுகத்தில் கப்பல்களின் வானொலிக் கருவிகளைத் திருத்துகிற வேலை பத்மனுக்கு. நான் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில், அடித்த எழுத்தைக் கம்பிவழியே வெளியூருக்கு அனுப்பும் டெலெக்ஸ் மெஷினில் செய்தி அடித்துக்கொண்டிருந்தேன். அந்த டெலெக்ஸ் அறையையும் அதன் இரைச்சலையும் பற்றி இத்தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். திருத்திய கருவிக்கு ரசீது வாங்க வந்தவன், அந்த இரைச்சலைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டான். அப்படித்தான் பழக்கம்.

கொட்டாஞ்சேனையில் ஒரு வாடகை வீட்டின் மாடியில் அவனும் ராஜேஸ்வரியக்காவும் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வெள்ளவத்தையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன். பக்கத்துத் தேவாலயத்தில் பூசை முடிந்து மணி அடிக்கும். கீழே முச்சக்கர வண்டிகள் ஹோர்ன் அடிக்கும். மாடியில் ஈயம் உருகுகிற மணம்.

ஒருகொடவத்தையில் பழைய சாமான் கடைகளில், உடைத்த கருவிகளின் பலகைகளை நிறுத்து விற்பார்கள். அதிலிருந்து சிப்புகளைக் காயம்படாமல் கழற்றி எடுப்பதில் பத்மன் கெட்டிக்காரன். அப்படிச் சேர்த்த உறுப்புகளால்தான் அந்தக் கணினி உருவானது. ஆறு மாதம் பாடுபட்டு முதல்முறை அதை இயக்கிய அன்று, அது ஒன்றிலிருந்து தொண்ணூற்றொன்பது வரை எண்ணியது. எங்களுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

தேத்தண்ணியோடு வந்த ராஜேஸ்வரியக்கா பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இதுக்கோ ஆறு மாசம்? கீழ்வீட்டுப் பிள்ளை இதைவிடக் கெதியா எண்ணும்."

பத்மன் கோபிக்கவில்லை. "அது பிறந்து அஞ்சு வரியம் ஆச்சு. இது இண்டைக்குத்தான் பிறந்தது" என்றான்.

கணினிக்குக் கட்டளையிடும் நிரல்களை அவன் அப்பியாசக் கொப்பியில் இலக்கம் இலக்கமாக எழுதுவான். பிறகு தானே செய்த ஒரு பெட்டியில் சிப்பைச் செருகி, அந்த இலக்கங்களை அதற்குள் பதிப்பான். அந்த வகைச் சிப்பின் முதுகில் சின்னக் கண்ணாடி ஜன்னல் ஒன்று உண்டு. அதன்வழியே வெயில் நாள்கணக்கில் பட்டால் உள்ளே பதித்தது அழிந்துபோகும். ஆகவே கண்ணாடியைக் கறுப்பு நாடாவால் மூடி வைத்திருந்தான். கொழும்புப் புழுக்கத்தில் எந்தப் பசை நிற்கும்? இரண்டு மாதத்தில் நாடா சுருண்டு விழும். மறுபடி ஒட்டுவான்.

சரஸ்வதி பூசை வந்தது. வீட்டிலுள்ள புத்தகம், கத்தரிக்கோல், தையல் மெஷின் எல்லாவற்றையும் சாமிப் படத்துக்கு முன் வைத்துப் பொட்டு வைப்பது நம் வழக்கம். ராஜேஸ்வரியக்கா கணினியையும் தூக்கி வைத்தார். எங்கே பொட்டு வைப்பது என்று பார்த்திருக்கிறார். நாடா விழுந்த இரண்டு சிப்புகளிலும் வட்டமாக, நெற்றி போல, ஓர் இடம் இருந்தது. சந்தனத்தைக் குழைத்து அங்கேயே வைத்துவிட்டார்.

பத்மன் போட்ட சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

"ஈரச் சந்தனத்தை ஆரேன் சர்க்யூட்டில வைப்பினமே? கால் எல்லாம் துருப் பிடிக்கும்!"

"உங்களுக்குச் சோறு போடுற சாமான் எல்லாத்துக்கும் வைக்கிறன். இதுக்கு மட்டும் என்ன பாவம்?"

அடுத்த வருடமும் வைத்தார். அதற்கடுத்த வருடமும். ஒவ்வொரு முறையும் அவன் கத்துவான். ஆனால் அந்தப் பொட்டை அவன் துடைத்ததை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஒருவர் பின் ஒருவராக

கணினிக்குள் எப்போதும் எட்டுக் கம்பிகளில் எட்டுச் செய்திகள் பக்கம் பக்கமாகத்தான் போகும். அதை வெளியே இன்னொரு மெஷினோடு கதைக்க வைக்கவேண்டுமென்றால், எட்டையும் ஒற்றைக் கம்பியில் வரிசையாக அனுப்ப வேண்டும். பத்மன் எனக்கு அதை இப்படி விளக்கினான்:

"ஜிந்துப்பிட்டி ஒழுங்கைக்குள்ள எட்டுப் பேர் கைகோத்துக்கொண்டு போகேலுமே? ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தர்தான் போகவேணும். அங்கால போய்த் திரும்பவும் கைகோக்கலாம்."

வரிசைப்படுத்தி அனுப்பவும், வருவதை வாங்கிச் சேர்க்கவும் தனியாக ஒரு சிப் உண்டு. இருபத்தெட்டுக் கால்கள். அந்தக் கால்களைச் செருகும் துளைகள் கொண்ட சொக்கெட்டை அவன் பலகையில் முன்கூட்டியே பொருத்திவிட்டான். அதற்கு வேண்டிய நிரலையும் எழுதி, பொட்டு வைத்த இரண்டாவது சிப்பில் பதித்துவிட்டான். எங்கள் கந்தோர் கழிக்கப்போகிற பழைய டைப் அடிக்கும் மெஷின் ஒன்றை வாங்கித் தருவதாக நான் சொல்லியிருந்தேன். அதோடு இணைத்தால் கணினி எழுத்தில் கதைக்கும். எல்லாம் தயார். அந்தச் சிப் மட்டும் கொழும்பில் கிடைக்கவில்லை.

டெலெக்ஸில் ஒரு முறை இருந்தது. செய்தி அனுப்பமுதல் ஒரு பொத்தானை அழுத்தினால் அது "யார் அங்கே?" என்று கேட்கும். மறுமுனை மெஷின் தன் பெயரைச் சொல்லும். செய்தி முடிந்ததும் திரும்பவும் ஒருமுறை அதையே கேட்க வேண்டும். நடுவில் இணைப்பு அறுந்துவிடவில்லை, கேட்டது அதே ஆள்தான் என்று அப்போதுதான் நிச்சயமாகும். மனிதன் இல்லாத கந்தோரிலும் மெஷின் தானாகவே எழுந்து பெயர் சொல்வதைப் பத்மன் அப்படி ரசித்தான்.

"என்ர மெஷினும் ஆர் எண்டு கேக்கும், பார். முதலும் கேக்கும், கடைசியிலும் கேக்கும்" என்றான்.

அந்த நேரம் பார்த்துக் கந்தோரில் என்னைப் பத்து நாள் பயிற்சிக்குச் சிங்கப்பூர் அனுப்பினார்கள். பத்மன் அந்தச் சிப்பின் இலக்கத்தை ஒரு துண்டில் எழுதித் தந்தான். வெறும் சொக்கெட்டைக் காட்டி, "உனக்காக இருபத்தெட்டு ஓட்டையும் வாயைத் திறந்துகொண்டு இருக்கு" என்றான்.

சிங்கப்பூர்ச் சட்டை

சிப் கிடைத்தது. முதல் நாளே, முதல் கடையிலேயே கிடைத்தது.

அது ஊரில் சண்டை நடந்த காலம். கொழும்பில் தமிழ் இளைஞன் ஒருவனின் பையில் மின்னணுச் சாமான் ஏதாவது அகப்பட்டால், அது என்னவென்று விளக்கி முடிப்பதற்குள் எங்கேயோ கொண்டு போயிருப்பார்கள். இது எனக்குச் சிங்கப்பூரில் இருந்தபோது உறைக்கவில்லை. விமானத்தில் ஏறியபிறகுதான் உறைத்தது. பத்மனுக்கென்று ஒரு நீலக்கோடு போட்ட சட்டை வாங்கியிருந்தேன். அங்கேயே கைப்பெட்டியைத் திறந்து, சிப்பைக் கடைக்காரன் தந்தபடியே அதன் மடிப்புக்குள் செருகி, சட்டையைப் பழையபடி ஊசி குத்தி மடித்தேன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்லவில்லை. தப்பினேன்.

அப்போது வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் அறை எடுத்திருந்தேன். வந்த மறுநாள் விடியக் காலை ஆமிக்காரர் எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். பக்கத்து அறையில் வானொலி திருத்தப் பழகிக்கொண்டிருந்த ஒருவர் இருந்தார். அவருடைய பையில் ஈயம் பற்றவைக்கும் கோலும் கொஞ்சம் கம்பியும் இருந்தன. அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். என் அறைக்கும் வந்தார்கள். அடையாள அட்டையைப் பார்த்தார்கள், கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார்கள். சட்டை மேசைமேல் இருந்தது. ஒருவர் அதைத் தூக்கி, துணியைத் தடவிப் பார்த்து, "ஷோக்" என்று சிங்களத்தில் மெச்சிவிட்டு வைத்தார்.

பக்கத்து அறைக்காரர் நான்காம் நாள் திரும்பி வந்தார். என்னுடைய பயம் திரும்பிப் போகவில்லை.

அவரை ஏற்றிப்போன அன்று பின்னேரமே சிப்பைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்தேன். ரயில் பாதையைக் கடந்து, கருங்கல்லில் ஏறி நின்று, கடலில் எறிந்தேன். அது விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சட்டையைக் கொடுத்தேன்.

"அது கிடைக்கேல்லையடா. ஸ்ரொக் இல்லை எண்டு சொன்னாங்கள்."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவனும் அதே கொழும்பில், அதே பயத்தோடு வாழ்கிறவன்தான். ஆனால் ஆறு மாதம் கம்பி கம்பியாகப் பின்னியவனிடம், அவன் கேட்ட ஒரேயொரு சாமானைக் கடலில் போட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கோழை என்ற பெயர் எடுக்க விரும்பவில்லை. அதுதான் காரணம், வேறு சோடனை வேண்டாம்.

"பரவாயில்லை. அடுத்தமுறை பாப்பம்" என்றான் பத்மன்.

அடுத்தமுறை

அடுத்தமுறை வரவில்லை. டெலெக்ஸ் போனது, பெக்ஸ் வந்தது, அதுவும் போனது. சண்டை முடிந்தது. புறக்கோட்டையில் எந்தச் சிப்பும் பயமில்லாமல் வாங்கலாம் என்ற காலமும் வந்தது. ஒன்றை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் என்னைக் கேட்டிருக்கிறேன். கொடுத்தால் பழைய கதை எழும்பும். எழும்பினால் என் முகத்தில் தெரிந்துவிடும். தன் நிழலுக்குப் பயந்தவன் வெயிலில் இறங்குவானா?

கணினி அவனுடைய அலுமாரிக்கு மேலே ஏறியது. வருடத்துக்கு ஒருமுறை சரஸ்வதி பூசைக்கு மட்டும் இறங்கும். எத்தனையோ ஞாயிறுகள் அந்த அறையில் இருந்து அரசியல் கதைத்தோம், பிள்ளைகளைப் பற்றிக் கதைத்தோம், சீனி வியாதியைப் பற்றிக் கதைத்தோம். அலுமாரிக்கு மேலே மட்டும் நான் பார்ப்பதில்லை.

போன வருடத்துக்கு முதல் வருடம் பத்மன் போய்விட்டான். நெஞ்சு நோவென்று சொன்னான், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்தது.

இந்த வருடம் ராஜேஸ்வரியக்கா கனடாவில் மகளிடம் போக முடிவு செய்தார். வீட்டைச் சொந்தக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு அலுமாரிக்கு மேலே கையைக் காட்டினார்.

"இது உங்களுக்குத்தான். ஆனா நான் போக முதல் ஒருக்கா அது கதைக்கிறதைப் பாக்கவேணும். அவர் அதுக்குள்ள என்னவோ எழுதி வச்சவர். என்னெண்டு எனக்குச் சொல்லவே இல்லை."

"அதுக்கு ஒரு சிப் வேணும் அக்கா" என்றேன்.

"தெரியும். புறக்கோட்டையில கிடைக்குது எண்டு அவரே ஒருநாள் சொன்னவர். அப்ப வாங்குங்கோவன் எண்டன். 'அதைச் சிவம் கொண்டு வரவேணும்' எண்டார். பகிடிக்குத்தான் சொன்னாரோ என்னவோ."

அந்தச் சொல் என் நெஞ்சில் இறங்கிய இடம் இன்னும் நோகிறது.

உள்ளே ஒன்றுமில்லை

புறக்கோட்டையில் பாறூக் நானா என்று ஒரு கடைக்காரர். என்னைவிட இளையவர், ஆனாலும் எல்லோருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். அந்தச் சிப்பைத் தேடித் தர அவருக்கு மூன்று கிழமை பிடித்தது. அந்த மூன்று கிழமையும் கணினி என் மேசையில், திறந்த ஜன்னலோரம், பின்னேர வெயிலில் கிடந்தது. முதலாவது சிப்பில் பொட்டு இல்லை. நாடா ஒட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. பத்மன் அத்தனை தடவை சொன்னது, துடைத்து அழகாக்கும் ஆசையில் மறந்தே போயிற்று.

சிப் வந்தது. சொக்கெட்டில் பொருத்தி மின்சாரம் கொடுத்தேன். ஆறு இலக்கங்களும் எரியவில்லை.

முதலாவது சிப்பைக் கழற்றும்போது ஒரு கால் முறிந்து கையோடு வந்தது. பத்மன் சொன்னது சரிதான், சந்தன ஈரத்தில் காலெல்லாம் துரு. அதைக் கொண்டு போய்ப் பாறூக் நானாவிடம் கொடுத்தேன். தன் கருவியில் வைத்துப் பார்த்தார்.

"சேர், இதுல ஒண்ணுமே இல்ல. எல்லாம் அழிஞ்சி போய்ட்டு. வெயில்ல வெச்சீங்களா?"

ஓமென்று தலையாட்டினேன்.

"மத்தச் சிப்பையும் கழட்டிக் கொண்டாங்க. இரிக்கான்னு பாத்துச் செல்றேன்."

"அது வேண்டாம் நானா. கழட்டினால் காலெல்லாம் முறிஞ்சிடும்."

அது உண்மை. இன்னொரு உண்மையும் இருந்தது. அதிலும் ஒன்றும் இல்லையென்று ஒரு கடையில் நின்று கேட்க எனக்குத் தைரியமில்லை. முதலாவது சிப்பின் நிரல் பத்மனின் கொப்பியில் முழுவதும் இருந்தது. இரண்டாவதுக்கு இருந்ததெல்லாம் கடைசிப் பக்கத்தில் இரண்டே வரி: எந்த இலக்கத்தைக் கொடுத்துத் தொடங்க வேண்டும், எழுத்துகள் எந்த வேகத்தில் வரும். அந்தச் சிப்பும் போயிருந்தால் போனது போனதுதான்.

முதலாவது சிப்புக்காக இரண்டு பின்னேரம் கொப்பியை வைத்துக்கொண்டு இருந்தோம். மனைவி ஒவ்வோர் இலக்கமாக வாசித்தார், நான் மடிக்கணினியில் அடித்தேன்.

"இது என்னப்பா, மந்திரமோ? ஒரு பிழை விட்டால் பேய் வருமோ?" என்றார்.

"ஒரு பிழை விட்டால் ஒண்டுமே வராது" என்றேன்.

பாறூக் நானா முறிந்த காலுக்குப் புதுக்கால் ஒட்டி, நிரலைத் திரும்பப் பதித்துத் தந்தார். வீட்டில் பொருத்தினேன். ஆறு இலக்கங்களும் சிவப்பாக எழும்பின. இரண்டாவது சிப்பிலிருந்த நிரலை நான் அழைக்கவில்லை. அதை அக்காவின் முன்னால்தான் அழைக்க வேண்டும் என்று வைத்திருந்தேன்.

யார்?

கொட்டாஞ்சேனை வீட்டில் அரைவாசிச் சாமான் பெட்டிகளுக்குள் போயிருந்தது. சுவரில் படங்கள் இருந்த இடங்கள் வெள்ளையாகத் தெரிந்தன. காலை பத்து மணியிருக்கும். மேசையில் கணினியையும் என் மடிக்கணினியையும் வைத்து, நடுவில் கம்பிகளைக் கொழுவினேன். ராஜேஸ்வரியக்கா கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்தார். கண்ணாடி ஏதோ பெட்டிக்குள் போய்விட்டதாம்.

"நீங்கள்தான் வாசிக்கவேணும்" என்றார்.

கொப்பியிலிருந்த இலக்கத்தை அழுத்தினேன். திரையில் ஒன்றும் வரவில்லை. இன்னொருமுறை. ஒன்றுமில்லை.

"சரி, விடுங்கோ. தேத்தண்ணி போடுறன்" என்று எழும்பினார். குரலில் குறை இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தச் சிப்பும் அழிந்துவிட்டது, நான்தான் அழித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

கம்பிகளைக் குனிந்து பார்த்தேன். அனுப்புகிற கம்பியை அனுப்புகிற கம்பியோடும், கேட்கிற கம்பியைக் கேட்கிற கம்பியோடும் கொழுவியிருந்தேன். வாயோடு வாயையும் காதோடு காதையும் கட்டிவிட்டு, ஏன் கதைக்கவில்லை என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். பத்து வருடத்துக்கு மேல் டெலெக்ஸ் அடித்தவன் விடுகிற பிழையா அது? மாற்றிக் கொழுவி, திரும்பவும் அழுத்தினேன்.

திரையில் மெல்ல, ஒவ்வோர் எழுத்தாக, ஆங்கில எழுத்தில் தமிழ் வந்தது.

யார்

"அக்கா!" என்று நான் கத்தியதில் அவர் கேத்தலை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார்.

"ஆர் எண்டு கேக்குது அக்கா."

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "சொல்லுங்கோ, நீங்கள்தான் எண்டு" என்றார்.

சிவம் என்று அடித்தேன். கணினி கொஞ்சம் யோசித்தது போல இருந்தது. பிறகு எழுதத் தொடங்கியது. பழைய டைப் மெஷினின் வேகத்துக்கு எழுதிய நிரல் அது. யாரோ மறுபக்கத்தில் இருந்து விரலால் அடிப்பது போலவே வந்தது.

சிவம்
பில் சட்டைக்குள்ள இருந்தது

சிப்பை எடுத்தேனே தவிர, அதனோடு செருகிய பில்லை நான் எடுக்கவில்லை. சிங்கப்பூர்க் கடையின் பில், சிப்பின் இலக்கத்தோடு, அந்தச் சட்டை மடிப்புக்குள் அவனிடமே போயிருக்கிறது. அந்தச் சிப்பில் நிரம்பாமல் இருந்த இடத்தில் பிறகும் எழுதலாம். எழுதியிருக்கிறான்.

"என்னவாம்?" என்றார் அக்கா.

வணக்கம் சொல்லுது என்று சொல்லியிருக்கலாம். அவரிடம் கண்ணாடி இல்லை. அடுத்த கிழமை அவர் கனடாவில். இரண்டு பொய் சொன்னவனுக்கு மூன்றாவது பாரமா? நாக்கு நுனியில் வந்து நின்றது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஆனால் எழுத்துகள் வந்துகொண்டிருந்தன. நான் வாசித்தேன். வந்ததை வந்தபடியே வாசித்தேன்.

"சிவம். பில் சட்டைக்குள்ள இருந்தது. எறிஞ்சிருப்பாய். நல்லது. நான் எண்டாலும் எறிஞ்சிருப்பன். நீ சொல்லுவாய் எண்டு இருக்கிறன்."

அந்த இடத்தில் வாசிப்பை நிறுத்தினேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எழுத்துகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே சொன்னேன். சிப் கிடைத்ததையும், கடலில் எறிந்ததையும், இந்த அறையில் இருந்தே பொய் சொன்னதையும் சொன்னேன். முப்பது சொச்ச வருடம் சொல்லாததைச் சொல்லி முடிக்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் சட்டையைக் கொலர் தேயும்வரைக்கும் போட்டவர்" என்றார். "ஒருநாளும் ஒண்டும் சொல்லேல்லை. உங்களைப் பாத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மன்னிக்க வேண்டியவனிடம் போய்ச் சேர எனக்கு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன.

"இன்னும் இருக்கு அக்கா" என்றேன். திரையில் மிச்சம் வந்து நின்றிருந்தது.

"வாசியுங்கோ."

"ராஜேஸின்ர பொட்டை அழியாதே. வெளிச்சம் படாது."

"என்ன? திருப்பி வாசியுங்கோ."

வாசித்தேன். மூன்றாம் முறையும் கேட்டார், வாசித்தேன்.

"அப்ப ஏன் வரியம் வரியம் அந்தக் கத்துக் கத்தினவர்?" என்றார். சிரித்தார், சிரிக்கும்போதே அழுதார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பலகையின்மேல் குனிந்தார். இரண்டாவது சிப்பின் பொட்டை விரலால் தொட்டார். விரல் பக்கத்துச் சிப்புக்குப் போனது. அங்கே கண்ணாடி வெறுமையாக மினுங்கியது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அதை நான் அழிச்சிட்டன் அக்கா. நீங்கள் போன் எடுக்கேக்க பஞ்சு கையிலதான் இருந்தது. அதுக்குள்ள இருந்தது முழுக்க வெயிலில போயிட்டுது. கொப்பியைப் பாத்துத் திரும்ப எழுதினனாங்கள். மற்றது உங்கட பொட்டாலதான் தப்பினது."

அவர் எழும்பி உள்ளே போனார்.

திரையில் கடைசி வரி வந்து நின்றது. டெலெக்ஸ் முறைப்படி, கேட்டது அதே ஆள்தானா என்று திரும்பவும் கேட்டிருந்தான்.

யார்

நான் சிவம் என்று அடித்தேன். இந்தமுறை அடிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. அதன்பிறகு ஒன்றும் வரவில்லை.

அக்கா ஒரு சின்னக் கிண்ணத்தோடு திரும்பி வந்தார். சாமித்தட்டு மட்டும் இன்னும் பெட்டிக்குள் போகவில்லை போலும்.

"இண்டைக்குச் சரஸ்வதி பூசை இல்லையே அக்கா" என்றேன்.

"இருக்கட்டும்."

கரண்டைப் பிடுங்கினேன். துடைத்த சிப்பின் கண்ணாடியில் சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமம் வைத்தார். பழைய பொட்டின்மேல் புதிதாக ஒரு படை வைத்தார். பிறகு, நான் கொண்டுவந்து பொருத்திய இருபத்தெட்டுக் கால் சிப்பையும் தேடிப் பிடித்து, அதன் நடு முதுகில் ஒன்று வைத்தார்.

அந்தச் சிப்புக்குக் கண்ணாடி ஜன்னல் கிடையாது. வெயில் பட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. நான் அதைச் சொல்லவில்லை. சந்தனம் காயும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.